பழைய ஒமேகா கான்ஸ்டலேஷனைத் தினமும் கட்டலாமா? பதினான்கு மாத அனுபவம்

என் பெரியப்பா சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை பார்த்த நாட்களில் வாங்கிய ஒமேகா கான்ஸ்டலேஷன் கைக்கடிகாரம், அவர் காலமான பிறகு எங்கள் வீட்டு பீரோவில் பதினோரு ஆண்டுகள் ஓடாமல் கிடந்தது. சென்ற ஆண்டு பொங்கல் முடிந்த வாரத்தில் அதைச் சர்வீஸ் செய்யக் கொடுத்து வாங்கி, அன்றிலிருந்து பதினான்கு மாதங்களாகக் கட்டிவருகிறேன். அலுவலகம், கடைவீதி, கல்யாண வீடு, இரு சக்கர வண்டிப் பயணம் என எல்லா இடத்துக்கும் அது என்னுடன் வந்திருக்கிறது. விலையும் வயதும் மிக்க ஒரு கடிகாரத்தை அன்றாடம் கட்டுவது சரியா, துணியில் சுற்றிப் பத்திரப்படுத்துவதுதான் சரியா என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்லிவந்த பதிலை இங்கே விரிவாக எழுதுகிறேன். கட்டலாம் என்பதே என் முடிவு. ஆனால் சென்னையில் இருப்பவர் ஆண்டின் சில மாதங்களில் கட்டக் கூடாது என்பதை ஒரு சேதம் நேர்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

கான்ஸ்டலேஷன் வரிசையை ஒமேகா 1952இல் அறிமுகப்படுத்தியது. என்னிடம் இருப்பது 1960களின் நடுப்பகுதியைச் சேர்ந்த 168.005 என்ற மாடல். எஃகுக் கேஸ் (கடிகாரத்தின் வெளிக்கூடு), 561 என்ற எண்ணுடைய, கை அசைவிலேயே சாவி ஏறும் தானியங்கி இயந்திரம், உள்ளே தேய்மானத்தைக் குறைக்கும் 24 கற்கள், முழுமையாகச் சாவி ஏறினால் ஏறத்தாழ 50 மணி நேரம் ஓடும் திறன் ஆகியவை அதன் அடையாளங்கள். டயலின் ஓரம் பன்னிரண்டு பட்டைகளாகச் சரிந்து இறங்குவதால், கவிழ்த்து வைத்த சிறு தட்டைப் போலத் தோன்றும்; சேகரிப்பவர்கள் இதைப் பை-பேன் டயல் என்பார்கள். பின்மூடியில் ஒரு வானாய்வுக்கூடமும் அதன் மேல் எட்டு நட்சத்திரங்களும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மூடியைக் கழற்றினால் உள்ளே இயந்திரம் முழுவதும் செம்பு நிறத்தில் மின்னும். நான் அதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன்; இரண்டு முறையும் மூடியைத் திரும்பப் போட மனம் வரவில்லை.

கட்டிக்கொள்ளும் சுகத்தைப் பொறுத்தவரை இந்தக் கடிகாரத்திடம் எனக்கு ஒரு குறையும் இல்லை. இன்றைய வாட்சுகளை நோக்க இது சிறியது. அகலம் 35 மில்லிமீட்டருக்கு மேல் போகாது. முழுக்கைச் சட்டையின் விளிம்புக்குள் இடறாமல் நுழைகிறது, எடையும் தெரிவதில்லை. சர்வீஸ் ஆன பிறகு நாளொன்றுக்கு ஏழெட்டு விநாடி முந்துகிறது. அறுபது வயதுக் கடிகாரத்திடம் இதற்கு மேல் நான் எதிர்பார்க்கவில்லை. தேதியை மாற்றுவதற்குத்தான் சற்றுப் பொறுமை வேண்டும். இந்த இயந்திரத்தின் சாவியில் தேதிக்கெனத் தனி இழுப்பு நிலை கிடையாது. முள்ளை நள்ளிரவு தாண்டவிட்டு, ஒன்பது மணி வரை பின்னோக்கித் திருப்பி, மறுபடியும் நள்ளிரவு தாண்டவிட வேண்டும். இரண்டு நாள் கட்டாமல் விட்டு நின்றுபோனால் இந்த வேலை காத்திருக்கும் என்பதால், தினமும் கட்டுவதே ஒருவகையில் வசதி.

இனி தேய்மானத்தைப் பற்றிய அச்சத்துக்கு வருகிறேன். 561 இயந்திரம் மணிக்கு 19,800 முறை துடிக்கிறது. ஒரு நாளில் 4,75,200 துடிப்புகள், ஓராண்டில் 17 கோடிக்கும் மேல். இந்தக் கணக்கைக் கேட்டதும், ஓடவிட்டாலே தேய்ந்துவிடுமே என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அச்சுகளின் நுனி சுழலும் முக்கிய இடங்களில் கடினமான செயற்கை மாணிக்கக் கற்களும் அவற்றில் துளியளவு ஆயிலும் இருக்கின்றன. ஆயில் நல்ல நிலையில் இருக்கும்வரை எஃகு நுனிகள் மிக மிக மெதுவாகவே தேயும். ஆயில் காய்ந்து, அதில் நுண்ணிய தூசி கலந்து, அந்தக் கலவையே உப்புத்தாள் போல அச்சைச் சுரண்டத் தொடங்கும்போதுதான் உண்மையான அழிவு நடக்கிறது. பெட்டியில் கிடக்கும் கடிகாரத்தின் ஆயிலும் ஆண்டுகள் செல்லச் செல்லக் கெட்டியாகிவிடும். ஆகவே, பல ஆண்டு கிடந்த கடிகாரத்தை எடுத்த எடுப்பிலேயே கட்டிக்கொண்டு திரிவது அதற்குச் செய்யக்கூடிய பெருங்கேடு. நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை பிரித்து, கழுவி, புது ஆயில் இட்டுக் கட்டுகிறவரின் கடிகாரம், நிதமும் ஓடினாலும் நீண்ட காலம் நிற்கும். என் பெரியப்பா இதைப் பணி ஓய்வு பெறும்வரை நாள் தவறாமல் கட்டினார். அவரிடம் இருந்தது இது ஒன்றுதான்; கட்டலாமா என்ற கேள்வியே அவருக்கு எழுந்திருக்காது.

எனக்கு நேர்ந்த சேதம் தேய்மானத்தால் வந்ததன்று, ஈரத்தால் வந்தது. கடந்த ஆடி மாதத்தில் ஒரு நண்பகல், வெயிலில் அரை மணி நேரம் நடந்துவிட்டுக் குளிரூட்டிய வங்கிக்குள் நுழைந்தேன். வரிசையில் நின்றபடி நேரம் பார்த்தபோது, கண்ணாடியின் உட்புறம் வெண்மையாகப் பனி படர்ந்திருந்தது. கேஸுக்குள் புகுந்திருந்த ஈரக்காற்று, கண்ணாடி திடீரெனக் குளிர்ந்ததும் அதன் மீது நீராகப் படிந்துவிட்டது. சில நிமிடங்களில் அது மறைந்துவிட்டதால், ஒன்றுமில்லை என்று விட்டுவிடத்தான் தோன்றியது. அப்படி விட்டிருந்தால் இயந்திரமே துருப்பிடித்திருக்கும். பனி மறைந்தாலும் ஈரம் உள்ளேயேதான் இருக்கிறது. அன்று மாலையே வேறொரு மூத்த கடிகாரப் பழுதுபார்ப்பாளரிடம் கொண்டுபோனேன். அவர் மூடியைக் கழற்றி, அதன் விளிம்பிலிருந்த ரப்பர் வளையத்தை ஊசியால் தூக்கிக் காட்டினார். அது ரப்பராகவே இல்லை, நகத்தால் அழுத்தினால் நொறுங்கியது. முதலில் சர்வீஸ் செய்த கடையில் இயந்திரத்தை மட்டும் சுத்தம் செய்துவிட்டு, பழைய வளையத்தையே திரும்பப் போட்டு மூடியிருக்கிறார்கள். வாங்கும்போது அதைக் கேட்டறியாமல் விட்டது என் பிழை.

இயந்திரம் தப்பித்தது. டயலில் ஆறு மணிக் கோட்டுக்கு அருகே, முன்பு இல்லாத ஒரு கரும்புள்ளி ஊசிமுனையளவில் விழுந்துவிட்டது. அதை எவராலும் நீக்க முடியாது. அறுபது ஆண்டுகள் சிங்கப்பூர் மழையையும் சென்னை வெயிலையும் தாங்கி மாசில்லாமல் வந்த டயலில், என் கையில் இருந்த எட்டாம் மாதத்தில் அந்தப் புள்ளி விழுந்தது என்ற வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இந்த வகைக் கடிகாரத்தின் மதிப்பில் பெரும்பகுதி டயலில் இருக்கிறது என்பதைப் பலர் அறிவதில்லை. 168.005இன் எஃகுக் கேஸ் நல்ல நிலையில், தொடப்படாத மூல டயலுடன் இருந்தால் இன்று ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் கேட்கிறார்கள்; அதே கடிகாரத்தில் டயலுக்கு மறுபூச்சு அடித்திருந்தால் விலை வெகுவாகச் சரிந்துவிடும். சக்கரம் உடைந்தால் வேறு சக்கரம் தேடலாம், சுருள்வில் அறுந்தால் மாற்றலாம். டயலின் மேற்பூச்சு ஈரத்தில் கெட்டால் போனது போனதுதான். எனவே, டயலில் கறை இருக்கிறது, புதிதுபோல் ஆக்கித் தருகிறோம் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். நம் நாட்டுச் சந்தையில் பழைய எச்எம்டி, ஃபேவர்-லூபா வாட்சுகள் பளிச்சென்ற நிறங்களில் மறுபூச்சு டயலோடு குவிந்து கிடக்கின்றன. அவற்றில் எழுத்துகள் தடித்தும் கோடுகள் கோணியும் இருப்பதை மூல டயலுடன் வைத்துப் பார்த்தால் உடனே தெரியும்.

கேஸுக்கு பாலிஷ் போடுவதும் இதே வகைக் கேடுதான். கான்ஸ்டலேஷனில் வார் பொருத்தும் கொம்புகள் கூர்மையான பட்டைகளாக வெட்டப்பட்டவை. சுழலும் பஃப் சக்கரத்தில் ஒரே ஒருமுறை காட்டினாலும் அந்த விளிம்புகள் மழுங்கி, கேஸ் சோப்புக்கட்டி போல் ஆகிவிடும். பதினான்கு மாதங்களில் என் கேஸில் விழுந்த கீறல்கள் சில உண்டு. அவற்றை அப்படியே விட்டிருக்கிறேன். கண்ணாடியின் கதை வேறு. அது அக்ரிலிக் என்பதால் சுவரில் உரசினாலே கீறும். ஆனால் அதற்கென விற்கும் பசையைப் பருத்தித் துணியில் தொட்டு ஐந்து நிமிடம் தேய்த்தால் கீறல்கள் மறைந்துவிடும். விரிசல் விட்டாலொழிய மாற்ற வேண்டாம். மூலக் கண்ணாடியின் நட்டநடுவே, உருப்பெருக்கி வைத்தால்தான் தெரியுமளவு சிறிதாக ஒமேகாவின் குறி பதிந்திருக்கும். மலிவான மாற்றுக் கண்ணாடியில் அது இருக்காது.

அதிர்ச்சியைப் பற்றி நான் முன்பு பயந்த அளவுக்கு இப்போது பயப்படுவதில்லை. 1960களின் கடிகாரங்களில் பேலன்ஸ் (ஊசலாடி நேரத்தை அளக்கும் சக்கரம்) அச்சைத் தாங்கும் கற்கள் வில்லின் மேல் அமர்ந்திருப்பதால், சிறு இடிகளை அவை வாங்கிக்கொள்ளும். இத்தகைய பாதுகாப்பு 1930களிலிருந்து மெல்லப் பரவியது. அதற்கு முந்தைய கடிகாரமாக இருந்தால், ஒருமுறை தரையில் விழுந்தாலே அச்சு ஒடியும், அன்றாடம் கட்டவே கூடாது. காந்தமோ இன்று எங்கும் இருக்கிறது. கைப்பேசி ஒலிபெருக்கி, டேப்லெட் உறை, கைப்பையின் பூட்டு ஆகியவற்றின் அருகே வைத்தால் ஹேர்ஸ்பிரிங் (பேலன்ஸின் மெல்லிய சுருள்வில்) காந்தமேறி, சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி, கடிகாரம் நாளுக்குப் பல நிமிடங்கள் முந்தத் தொடங்கும். எனக்கு ஒருமுறை இது நடந்தது. காந்தநீக்கியில் சில விநாடிகளில் சரியாயிற்று.

ஒளிரும் பூச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இது உடல்நலம் சார்ந்தது. என் டயலின் அடியில் சுவிஸ் மேட் என்ற எழுத்தின் இருபுறமும் டி என்ற குறி இருக்கிறது. பூச்சு டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் என்பதற்கு அடையாளம் அது. டிரிட்டியத்தின் அரையாயுள் (பாதியாகக் குறைய ஆகும் காலம்) ஏறத்தாழ 12.3 ஆண்டுகள். அறுபது ஆண்டில் அது மூலஅளவின் 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது, அதன் கதிர்கள் கண்ணாடியைத் தாண்டும் வலிமை உள்ளவையும் அல்ல. 1940களிலும் 1950களிலும் வந்த பல கடிகாரங்களில் இருப்பதோ ரேடியம். அதன் அரையாயுள் 1,600 ஆண்டுகள். பூச்சு ஒளிர்வதை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருக்கலாம், கதிர்வீச்சு நிற்கவில்லை. அத்தகைய கடிகாரத்தை நாள்தோறும் கட்டுவதையும் தலையணை அருகே வைப்பதையும் நான் ஏற்கமாட்டேன். அதை வீட்டில் திறந்து பார்க்கவே கூடாது, உதிரும் பூச்சுத் தூள் மூச்சில் கலந்தால் தீங்கு பெரிது.

செலவுக் கணக்கு இது: முதல் சர்வீஸுக்கு ஒன்பதாயிரம் ரூபாய், இரண்டாம் முறை திறந்து உலர்த்தி வளையங்கள் மாற்றியதற்கு ஆயிரத்து எண்ணூறு. வார்கள் மூன்று வாங்கினேன். தோல் வார் நம் வேர்வையில் நான்கே மாதங்களில் நாற்றமெடுத்து விறைத்துப்போனது. இப்போது துவைத்து உலர்த்தக்கூடிய நைலான் வாரை வைத்திருக்கிறேன். வாரைக் கேஸுடன் பிணைக்கும் ஸ்பிரிங் பின்கள் இரண்டையும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். அவை ஒடிந்தால் கடிகாரம் நடுத்தெருவில் விழும். உதிரிபாகங்களைப் பொறுத்தவரை, 561 பெரும் எண்ணிக்கையில் செய்யப்பட்ட இயந்திரக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் தேடினால் கிடைக்கின்றன. அரிதான இயந்திரம் உள்ள கடிகாரத்தை வைத்திருப்பவருக்கு இந்த நம்பிக்கை கிடையாது. ஒரு சிறு சக்கரம் உடைந்தாலும் ஆண்டுக்கணக்கில் கடிகாரம் மேசை இழுப்பறையில் உறங்கும்.

புதிதாக ஒரு பழைய கடிகாரம் வாங்கித் தினமும் கட்ட விரும்புகிறவர், திருகிப் பூட்டும் பின்மூடியும் எஃகுக் கேஸும் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். தங்க முலாம் பூசிய கேஸில், வேர்வை படும் கொம்புகளின் உட்புறமும் பின்விளிம்பும் முதலில் கரைந்து, அடியிலுள்ள பித்தளை வெளிப்படும். எஃகிலும் மூடியின் இடுக்கில் உப்பு தங்கினால் குழி விழும் என்பதால், இரவில் கழற்றியதும் மெல்லிய ஈரத்துணியால் துடைத்து உலரவைப்பது நல்லது. அந்தக் கடிகாரம் எந்த நிலையிலும் தண்ணீரைத் தாங்கும் என்று நம்ப வேண்டாம். புது வளையங்கள் போட்ட பிறகும் பாத்திரம் கழுவும்போதும் மழையிலும் நான் என்னுடையதைக் கழற்றிவிடுகிறேன்.

இந்த ஆண்டு என் ஏற்பாட்டை மாற்றியிருக்கிறேன். பங்குனி முடியும்வரை கான்ஸ்டலேஷனைக் கட்டுவேன். சித்திரை பிறந்ததும், வேர்வையும் ஈரக்காற்றும் மிகும் மாதங்களுக்கு, அதை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, மாதம் ஒருமுறை எடுத்துச் சாவி கொடுப்பேன். கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழிப் பனி தொடங்கும்போது மறுபடியும் கைக்கு வரும். இடைப்பட்ட மாதங்களுக்கு அப்பாவின் எச்எம்டி ஜனதா இருக்கிறது. 17 கற்கள், காலையில் எழுந்ததும் கையால் சாவி கொடுக்க வேண்டிய எளிய வாட்ச் அது. கடிகாரம் கட்டாத மணிக்கட்டோடு அலுவலகம் போக என்னால் முடியாது, அப்பாவாலும் முடிந்ததில்லை.