வகுப்பில் புவியியல் பேச எந்தப் படம்? மேற்குத் தொடர்ச்சி மலையா, கடைசி விவசாயியா?

இடவமைப்பு, இடப்பெயர்வு, மனிதருக்கும் சூழலுக்குமான உறவு: இவற்றைப் பிள்ளைகளுக்குக் காட்ட இரண்டு படங்களும் உதவும். ஆனால் என் ஓட்டு முதலில் லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை'க்கு (2018).

தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் மோதி மழையைக் கொட்டுகிறது. அந்த ஈரத்திலும் குளிரிலும் மலைமேல் ஏலக்காய் விளைகிறது. இந்தப் பக்கம் இறங்கினால் தேனி மாவட்டம், மலை மழையைத் தடுத்துவிடுவதால் மழை குறைந்த மழை மறைவுப் பகுதி. படத்தின் நாயகனான சுமைகூலி ரங்கசாமி மூட்டை சுமந்து இறங்கும் ஒற்றையடிப் பாதை இந்த இரண்டு காலநிலைகளையும் இணைக்கிறது. சாலை வந்ததும் சுமைகூலிக்கு வேலையில்லை. கடைசியில், அவன் பாடுபட்டு வாங்கிய நிலத்தில் காற்றாலை நிற்கிறது. மழையைத் தராத அதே மலைக்காற்றுதான் அதைச் சுழற்றுகிறது! காரணமும் விளைவும் இவ்வளவு தெளிவாகத் தெரியும் படம் தமிழில் அபூர்வம்.

மணிகண்டனின் 'கடைசி விவசாயி' (2022) உசிலம்பட்டிப் பக்கத்துக் கதை. ஒரு வயல், குலதெய்வக் கோயில், சுற்றிலும் விற்றுப்போன நிலங்கள். நிலப் பயன்பாட்டு மாற்றத்தைப் பேச இதுதான் சரி. நாயகனான முதிய விவசாயி மாயாண்டி சிறையில் இருக்கும்போது பயிரைப் பார்த்துக்கொள்ள நீதிபதி ஒரு காவலரை அனுப்பும் இடத்தில் படத்தை நிறுத்தி, அந்தப் பயிருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்.

எட்டாம் வகுப்புக்கு முதல் படம், பத்தாம் வகுப்புக்கு இரண்டாவது.