கோப்பி அழிந்ததால்தான் தேயிலை வந்ததா? ஒரே கேள்வியோடு நான்கு இணைய நூலகங்களுக்குள்

தேடிக் கற்றல் என்று வந்துவிட்டால் எந்த இணைய நூலகம் பெரியது என்பது இரண்டாம் பட்சம். பிள்ளைகள் முன்னால் வைத்து, "இதில் எதை நம்புவது, ஏன்?" என்று கேட்கக்கூடிய மூன்று நான்கு பக்கங்களை எது தருகிறது, அதற்கு எவ்வளவு டேட்டா செலவாகிறது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. நுவரெலியா, பதுளை மாவட்டத் தமிழ்மொழி மூல ஆசிரியர்களுக்கு எளிதாகக் கைக்கு எட்டக்கூடியவை நான்கு: ஈ-தக்சலாவ, "நூலகம்" என்ற பெயருள்ள தளம், இன்டர்நெட் ஆர்க்கைவ், கிவிக்ஸ் செயலியில் இணையமில்லாமல் திறக்கும் தமிழ் விக்கிப்பீடியா. நான்கையும் ஒரே கேள்வியை வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

கேள்வி இதுதான்: கோப்பி அழிந்ததால்தான் மலையகத்துக்குத் தேயிலை வந்ததா? பாடம் படித்த எந்தப் பிள்ளையும் "ஆமாம்" என்றுதான் சொல்லும். ஆனால் தோட்டத் துரை ஜேம்ஸ் டெய்லர் கண்டிப் பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867இல். கோப்பி இலைத்துரு நோய் கண்டறியப்பட்டது 1869இல். நோய்க்கு முன்பே தேயிலை வந்துவிட்டது. இதற்கிடையில் சிங்கோனாவும் (மலேரியா மருந்தான குயினைன் எடுக்கும் மரம்) இருக்கிறது. ஹக்கலைத் தாவரவியல் பூங்கா 1861இல் தொடங்கப்பட்டதே சிங்கோனாவைப் பயிரிட்டுப் பார்க்கத்தான். இந்த ஆண்டுகளைக் கரும்பலகையில் வரிசையாக எழுதிவிட்டு ஆசிரியர் பேசாமல் நின்றாலே போதும், கேள்விகள் பிள்ளைகளிடமிருந்து வரும். அந்தக் கேள்விகளுக்கு எந்தத் தளம் தீனி போடுகிறது?

ஈ-தக்சலாவ கல்வி அமைச்சின் தளம். தரம், பாடம், அலகு என்று அடுக்கப்பட்டிருப்பதால் வேண்டிய பாடத்தைச் சில நிமிடங்களில் எடுத்துவிடலாம். பாடத்திட்டத்துக்கு வெளியே போய்விடுவோமோ என்ற பயமும் இல்லை. தேடிக் கற்றலுக்கு அதன் குறையும் இதிலிருந்துதான் வருகிறது. அங்கே இருப்பது முடிந்த விடை. காரணம், விளைவு என்று ஏற்கெனவே பிரித்து எழுதிய பாடத்தில் பிள்ளை தேடுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. ஆகவே அதைக் கடைசியில் வையுங்கள். பிள்ளைகள் தங்கள் முடிவை எழுதிய பிறகு பாடநூல் பந்தியைக் கொடுத்து, "இது உங்கள் முடிவோடு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே ஒத்துப்போகவில்லை?" என்று கேட்கலாம். முதலிலேயே கொடுத்தால் தேடல் அந்த நிமிடமே முடிந்துவிடும்.

நூலகம் தளம் 2005இல் தொடங்கியது. இலங்கைத் தமிழ் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், பாடசாலை மலர்கள், நினைவு மலர்கள் என்று இவ்வளவும் ஒரே இடத்தில் வேறெங்கும் கிடையாது. மலையகப் பிள்ளைக்குத் தன் ஊரைப் பற்றி, தன் மொழியில், தன் ஆட்கள் எழுதியதை வாசிக்கக் கொடுக்க இதைவிட நல்ல இடம் இல்லை. மற்ற மூன்றையும் விட்டாலும் இதை விடக்கூடாது என்பதே எங்கள் கணிப்பு.

ஆனால் அங்கே தேடுவதற்குப் பழக்கம் வேண்டும். தேடல் பெட்டி பெரும்பாலும் தலைப்பு, ஆசிரியர் பெயர், உள்ளடக்கப் பட்டியல் ஆகியவற்றில்தான் தேடும். ஸ்கேன் செய்த பக்கத்துக்குள் இருக்கும் எல்லாச் சொற்களையும் அது பார்க்காது. "கோப்பி ஏன் அழிந்தது" என்று முழு வாக்கியத்தைப் போட்டு, ஒன்றும் வராமல், தளத்தில் சரக்கில்லை என்று முடிவெடுப்பவர்கள் நிறைய. ஒற்றைச் சொல்லாகப் போடுங்கள்: கோப்பி, பெருந்தோட்டம், தேயிலை, மலையகம், மலைநாடு. ஊர்ப்பெயர் என்றால் எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் பாருங்கள். ஹட்டன் என்று போட்டால் கிடைக்காதது ஹற்றன், அட்டன் என்று போட்டால் கிடைக்கும். சஞ்சிகை ஒன்று அகப்பட்டால் அதன் பக்கத்தில் உள்ள உள்ளடக்கப் பட்டியலை முதலில் வாசியுங்கள். வாசிப்பதற்கான இணைப்பின் அருகிலேயே கோப்பின் அளவு எம்பியில் போட்டிருக்கும். அதைப் பார்க்காமல் அழுத்தக்கூடாது. 30 எம்பி கோப்பு ஒன்றை 35 பிள்ளைகள் தனித்தனியாக இறக்கினால் 1 ஜிபிக்கு மேல் போய்விடும். தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஒரு போனை மூன்று பிள்ளைகள் பங்கிட்டுக்கொள்ளும் வீட்டுக்கு அது தாங்காது.

அதனால் ஆசிரியரே ஒருமுறை இறக்கி, வேண்டிய பக்கங்களை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். போனில் பிடிஎஃபைத் திறந்து, அச்சிடு என்பதை அழுத்தி, அச்சுப்பொறிக்குப் பதிலாக "பிடிஎஃப் ஆகச் சேமி" என்பதைத் தெரிவுசெய்து, பக்க எண்களைக் கொடுத்தால் நான்கு பக்கங்கள் தனிக் கோப்பாகிவிடும். நூலின் பெயர், ஆண்டு, பக்க எண் ஆகியவற்றைக் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் எங்கிருந்து எடுத்தது என்று பிள்ளை கேட்கும்போது சொல்ல முடியாது. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, பழைய அச்சின் சிறிய எழுத்து மங்கிவிடும்.

இன்டர்நெட் ஆர்க்கைவ் 1996இலிருந்து இயங்குகிறது. கோப்பிக் காலத்தைப் பற்றி அந்தக் காலத்திலேயே எழுதப்பட்டவை வேண்டுமென்றால் இங்கேதான் போக வேண்டும். தோட்டத் துரைமார் எழுதிய கைநூல்கள், பயண நூல்கள், தோட்டங்களின் விவரக்கொத்துகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. நூலகத்தில் இல்லாத ஒரு வசதி இங்கே உண்டு: புத்தகத்தைத் திறந்து அதன் உள்ளேயே சொல் தேடலாம். பிடிஎஃப் பெரியதாக இருந்தால் முழு உரைக் கோப்பை எடுங்கள், மிகச் சிறியதாக இருக்கும். பக்கப் படத்தை எழுத்தாக மாற்றும் எழுத்துணரி மென்பொருள் செய்த பிழைகள் அதில் இருக்கும் என்பதால் ஆண்டு, எண் ஆகியவற்றை மட்டும் பக்கப் படத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும்.

இரண்டு இடையூறுகள் உண்டு. முதலாவது மொழி. அந்த நூற்றாண்டு ஆங்கிலம் சாதாரண தரப் பிள்ளைக்கு ஓடாது. அரைப் பக்கத்துக்கு மேல் கொடுக்காதீர்கள், கீழே நான்கு வரியில் தமிழில் சாரத்தை எழுதிக் கொடுங்கள். இரண்டாவது இன்னும் பெரியது. இந்தப் புத்தகங்கள் பிள்ளைகளின் பூட்டன் பூட்டியைத்தான் "கூலி" என்று எழுதுகின்றன, பல இடங்களில் மாட்டையும் மண்வெட்டியையும் கணக்கெடுக்கும் தொனியில். முன்னறிவிப்பில்லாமல் அந்தப் பக்கத்தைக் கையில் கொடுப்பது தவறு. எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், அவருக்குத் தெரியாதது எது, பேச்சே இடம்பெறாதவர் யார் என்று முதலில் கேட்டுவிட்டு, அதே வாழ்க்கையைப் பற்றி மலையகத்தவர் எழுதிய ஒரு பக்கத்தை நூலகத்திலிருந்து எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். இந்த இரண்டு தளங்களும் போட்டியாக இல்லாமல் சோடியாக வேலை செய்யும் இடம் இதுதான். நான்கில் இரண்டை மட்டும் எடுக்க முடியும் என்றால் இந்த இரண்டையும் எடுங்கள்.

விக்கிப்பீடியாவை விடையாகக் கொடுக்காமல் வழிகாட்டியாகக் கொடுக்கலாம். பிள்ளைகள் கட்டுரையை வாசித்து, எந்த வரிக்கு மேற்கோள் இருக்கிறது, எதற்கு இல்லை என்று அடிக்கோடிட்டாலே அது நல்ல பயிற்சி. மலையகம் பற்றிய தமிழ்க் கட்டுரைகள் பல மெலிந்தவை. ஆனால் சிக்னல் இல்லாத தோட்டப் பாடசாலையில் கிவிக்ஸுக்கு ஈடில்லை. நகரத்தில் நல்ல இணைப்புள்ள இடத்தில் தமிழ் விக்கிப்பீடியாவின் ஸிம் கோப்பை (கட்டுரைகளை ஒன்றாகக் கட்டிய ஒற்றைக் கோப்பு) ஒருமுறை இறக்கிக்கொண்டால், பாடசாலையில் ஒரு கணினியையோ போனையோ வழங்கியாக்கி (மற்றவற்றுக்குப் பக்கங்களைக் கொடுக்கும் சாதனமாக்கி), மற்றச் சாதனங்களை வைஃபையில் இணைத்து, டேட்டா இல்லாமலே எல்லோரும் வாசிக்கலாம். அடிக்கடி நேரும் கோளாறு ஒன்று: கோப்பு பென்டிரைவில் ஏறாமல் பாதியில் நிற்கும். பென்டிரைவ் ஃபாட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை அது ஏற்காது. எக்ஸ்ஃபாட் ஆக ஃபோர்மட் செய்தால் ஏறும். ஃபோர்மட் செய்வதற்கு முன் உள்ளே இருப்பதை வேறிடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டின் தமிழ் இணையக் கல்விக்கழக நூலகத்தையும் சிலர் கேட்பார்கள். தமிழ் இலக்கியப் பாடத்துக்குப் பொக்கிஷம், இந்தக் கேள்விக்கு அல்ல.

ஆசிரிய ஆலோசகர்கள் வலயத்தில் பயிற்சி வைக்கும்போது நான்கு தளங்களையும் ஒரே நாளில் திரையில் ஓட்டிக் காட்டினால் ஒன்றும் தங்காது. ஒரு கேள்வி, ஒரு தளம் போதும். ஒவ்வோர் ஆசிரியரும் வெட்டி எடுத்த நான்கு பக்கக் கோப்போடு வீட்டுக்குப் போக வேண்டும். வகுப்பிலும் அதே அளவு போதும்: முதல் பாடவேளையில் ஆண்டுகளும் கேள்விகளும், இரண்டாவதில் குழுவுக்கு ஒரு பக்கம், மூன்றாவதில் முடிவும் பாடநூலோடு ஒப்பீடும். ஒரே பாடவேளைக்குள் எல்லாவற்றையும் திணித்தால் வேகமாக வாசிக்கும் இரண்டு பிள்ளைகள் சொன்னதே வகுப்பின் முடிவாகிவிடும்.

கேள்வி மாறினால் தரவரிசையும் மாறும். "எங்கள் மலையில் மண் ஏன் சரிகிறது?" என்று விஞ்ஞானப் பாடத்தில் கேட்டால் ஈ-தக்சலாவ மேலே வந்துவிடும். மழைநீர், சாய்வு, மண் பற்றிய விளக்கம் அங்கே தமிழில் ஒழுங்காகக் கிடைக்கும். இன்டர்நெட் ஆர்க்கைவ் கீழே போய்விடும். பதுளை மாவட்டத்து மீரியபெத்தை தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29இல் நேர்ந்த மண்சரிவு பற்றிய செய்திகளுக்கு அக்காலப் பத்திரிகைகள் வேண்டும். இடர் வலயத்துக்கோ தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் வரைபடங்கள் வேண்டும், இந்த நான்கில் எதுவும் அதை ஈடுசெய்யாது. அந்த வரைபடத்தை வகுப்பில் விரிப்பதற்கு முன் ஆசிரியர் தனியே பார்த்து, எந்தப் பிள்ளைகளின் லயம் எந்த வலயத்துக்குள் வருகிறது என்று அறிந்து, அதிபரிடமும் கிராம அலுவலரிடமும் பேசிவிட வேண்டும். தன் வீடு அபாய வலயத்தில் இருப்பதைப் பிள்ளை முதன்முதலாகப் பாடவேளையில் கண்டால், "இப்போ நாங்க எங்க சேர் போறது?" என்றுதான் கேட்கும். அதற்குரிய பதில் அன்று ஆசிரியரிடம் இருக்க வேண்டும்.