ஐசிடி லீட் பழுதைக் கண்டுபிடித்துத் தந்த மதுரைப் பரிசோதனைப் பிரிவு

வாடிப்பட்டிப் பக்கம் தோட்டத்தில் இருக்கும் என் அப்பாவுக்கு நெஞ்சில் ஐசிடி (இதயத் துடிப்பு ஆபத்தான முறையில் தாறுமாறானால் ஷாக் கொடுத்துச் சரிசெய்யும் கருவி) வைத்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் சட்டைக்குள்ளிருந்து ஏறி இறங்கும் ஓர் ஒலி கேட்டது. கைப்பேசியில் சார்ஜ் குறைந்துவிட்டது என்று விட்டுவிட்டார். இரண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் அதே ஒலி வரவே, அம்மாதான் சந்தேகப்பட்டு என்னிடம் சொன்னார். மதுரையில் கருவி வைத்த தனியார் மருத்துவமனையின் பரிசோதனைப் பிரிவில் அன்று தொலைபேசியை எடுக்க ஆளில்லை. அவசரப் பிரிவில் கேட்டதற்கு, மயக்கம் இல்லையென்றால் திங்கட்கிழமை வரலாம் என்றார்கள். இதற்காகவே என் மதிப்பீட்டில் ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கிறேன்.

ஆனால் திங்கட்கிழமை அந்தப் பிரிவின் டெக்னீஷியன் செய்த வேலையைக் குறை சொல்ல முடியாது. பேட்டரி அளவைப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அவரோ நேராக, கருவியை இதயத்தோடு இணைக்கும் கம்பியான லீட்டின் மின்தடை வரைபடத்தைத் திறந்தார். ஆண்டுக்கணக்கில் 450 ஓம் அளவில் ஓடிய கோடு, கடைசி நான்கு நாட்களில் 1,800-ஐத் தாண்டிக் குத்தாக ஏறியிருந்தது. அதோடு, 140 மில்லிவிநாடிக்கும் குறைந்த இடைவெளியில் நூற்றுக்கணக்கான ‘துடிப்புகள்’ பதிவாகியிருந்தன. இதயம் அப்படித் துடிப்பதில்லை என்பதால் அவை கம்பியின் கரகரப்பே என்றும், கருவி அதை உயிருக்கு ஆபத்தான படபடப்பாக எடுத்துக்கொண்டால் நல்ல நினைவோடு நிற்பவருக்கே ஷாக் கொடுத்துவிடும் என்றும் விளக்கினார். முன்பு ஒருமுறை உண்மையிலேயே தேவைப்பட்டு ஷாக் வாங்கிய அப்பா, பம்ப்செட் சுவிட்சில் கரண்ட் அடிப்பதெல்லாம் அதன் முன்னே ஒன்றுமில்லை என்பார்.

தோட்டத்து மோட்டாரில் மின்கசிவு உண்டா என்றும் டெக்னீஷியன் கேட்டார். வெளி மின்சாரம் புகுந்தால், துடிப்பை உணரும் கோட்டில் மட்டுமல்ல, லீட்டில் ஷாக்கைச் செலுத்தும் சுருள் வழியாகப் பதிவாகும் கீழ்க்கோட்டிலும் அது பெரும்பாலும் தெரியுமாம். பிறகு இடது கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னார். கை உயர்ந்ததும் துடிப்பை உணரும் கோட்டில் மட்டும் கீறல்கள் அடர்ந்தன, கீழ்க்கோடு சுத்தமாக ஓடியது; அதனால் பழுது லீட்டில்தான் என்று தெரிந்தது. அங்கேயே ஷாக் கொடுக்கும் வசதியை நிறுத்திவைத்து, அப்பாவை மானிட்டரோடு இருதயத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். மூன்றாம் நாள் புது லீட் பொருத்தப்பட்டது.

2007 அக்டோபரில் மெட்ரானிக் நிறுவனம் ஸ்பிரின்ட் ஃபிடெலிஸ் என்ற லீட்டை, முறிவு காரணமாக விற்பனையிலிருந்து விலக்கியது. அதற்குள் உலகெங்கும் ஏறத்தாழ 2,68,000 பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. அப்பாவுக்கு வைத்தது அந்த லீட் அன்று. என்றாலும் மின்தடையையும் குறுகிய இடைவெளிகளையும் சேர்த்துப் பார்த்து முன்கூட்டியே ஒலியெழுப்பும் ஏற்பாடு, அந்த அனுபவத்துக்குப் பிறகே வந்தது.

இத்தனை நல்ல ஏற்பாட்டைப் பற்றி, கருவி வைத்த அன்று எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதுதான் என் பெரிய வருத்தம். இந்த முறை டிஸ்சார்ஜுக்கு முன் அந்த ஒலியை எழுப்பிக் காட்டும்படி நாங்களே கேட்டோம். கதவருகே நின்றிருந்த அம்மா, “இதேதான், தம்பி” என்றார்.