விதிகளை ஆங்கிலத்தில் எழுத ‘ஷல்’ நல்லதா, ‘மஸ்ட்’ நல்லதா?

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் துணைவிதிகளை ஆங்கிலத்தில் திருத்தி எழுதும் வேலை என்னிடம் வந்தபோது, கடமையைக் குறிக்க எந்தத் துணைவினையைக் கையாள்வது என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டியிருந்தது. பழைய பிரதி முழுவதும் ‘ஷல்’ நிறைந்திருக்க, நான் ‘மஸ்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்தேன். அனுமதிக்கு ‘மே’, பரிந்துரைக்கு ‘ஷுட்’, தடைக்கு ‘மஸ்ட் நாட்’ என்பவற்றில் பெரிய கருத்து வேறுபாடு ஏதுமில்லை.

‘ஷல்’ பக்கம் இருப்பது பழக்கத்தின் வலிமை. வழக்கறிஞர்களுக்கு அது கைவந்த சொல். நம் அரசியலமைப்பும் அதைக் கொண்டே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் சிக்கலும் அங்கேயே தெரிகிறது. முதலாவது உறுப்பில், இந்தியா மாநிலங்களின் ஒன்றியமாக இருக்கும் என்று சொல்ல வரும் ‘ஷல் பி’ யார்மீதும் கடமையைச் சுமத்துவதில்லை. அது ஒரு பிரகடனம். அரசு ஊழியர்மீதான ஒழுங்கு நடவடிக்கைகளில் தேர்வாணையத்தைக் கலந்தாலோசிப்பது பற்றிய 320(3) உறுப்பிலும் ‘ஷல்’ உண்டு. ஆயினும் மன்போதன் லால் ஸ்ரீவாஸ்தவா வழக்கில் 1957-இல் உச்ச நீதிமன்றம், கலந்தாலோசிக்காததால் மட்டும் அந்த நடவடிக்கை செல்லாததாகிவிடாது என்று தீர்ப்பளித்தது. போதாக்குறைக்கு, ‘ஐ’, ‘வி’ ஆகியவற்றோடு ‘ஷல்’ வந்தால் வெறும் எதிர்காலம் என்று பள்ளி இலக்கணம் வேறு கற்றுக்கொடுத்திருக்கிறது.

என் முடிவைத் தீர்மானித்தது, பிழை கண்ணில் படுகிறதா என்ற ஒரே கேள்விதான். ‘மெம்பர் ஷல் மீன்’ என்று தொடங்கும் வரையறையையும் ‘தி அசோசியேஷன் ஷல் பி கால்ட்’ என்ற பெயர்சூட்டலையும் நாம் தடையின்றிப் படித்துப் போய்விடுகிறோம். அவற்றிலேயே ‘மஸ்ட்’ போட்டுப் பார்த்தால் வாக்கியம் உடனே இடறுகிறது, அங்கே ‘மீன்ஸ்’, ‘இஸ் கால்ட்’ என்ற எளிய நிகழ்காலமே போதும் என்பது புரிந்துவிடுகிறது. ‘நோட்டீஸ் ஷல் பி கிவன்’ என்ற விதியை ‘மஸ்ட்’ கொண்டு திருத்த உட்கார்ந்தபோது, அறிவிப்பைக் கொடுக்க வேண்டியவர் செயலாளரா தலைவரா என்ற கேள்வி எழுந்து, ‘தி செக்ரட்டரி மஸ்ட் கிவ் நோட்டீஸ்’ என்று பொறுப்பாளரைப் பெயர் சொல்லி எழுத வேண்டியதாயிற்று. இதற்கு நான் வைத்துக்கொண்ட சோதனை எளியது: துணைவினை இருக்கும் இடத்தில் ‘ஹாஸ் எ டியூட்டி டு’ என்று போட்டுப் படித்துப் பொருந்தினால் ‘மஸ்ட்’ எழுதலாம், பொருந்தாவிட்டால் வாக்கியத்தையே மாற்ற வேண்டும்.

அமெரிக்கக் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகளை 2007-இல் திருத்தி எழுதியவர்களும் ‘ஷல்’ பல பொருள் தருகிறது என்று சொல்லியே அதைக் களைந்தார்கள். எனினும், விசாரணையின்றித் தீர்ப்பு வழங்குவது பற்றிய 56-ஆவது விதியில் அப்போது ‘ஷுட்’ ஆக்கப்பட்ட சொல்லை, 2010-இல் மீண்டும் ‘ஷல்’ என்றே மாற்றினார்கள். வழக்குகளின் வழியே ஒரு சொல்லுக்குப் பொருள் படிந்துவிட்ட இடங்களில் அதை அசைப்பது ஆபத்து என்பதற்கு இது நல்ல சான்று. பன்னாட்டுத் தரநிர்ணய அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் தரநிலைகளிலும் தேவையைக் குறிக்க ‘ஷல்’ என்பதே விதி. அங்கே ‘மஸ்ட்’ மாற்றுச் சொல் ஆகாது.

‘மஸ்ட்’ என்று எழுதிவிட்டாலே நீதிமன்றம் அதைக் கட்டாயமாகத்தான் படிக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். விதியின் நோக்கத்தையும் சேர்த்தே பார்ப்பார்கள். இருதரப்பு ஒப்பந்தங்களில் எனக்கு அனுபவம் குறைவு. ‘மஸ்ட்’ அதட்டுவதுபோல் ஒலிக்கிறது என்று அங்கே ‘வில்’ எழுதுவோர் உண்டு. அந்தக் குறையில் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது.

முழு ஆவணத்தையும் மாற்றி எழுத வாய்ப்பிருந்தால் மட்டுமே ‘மஸ்ட்’ பக்கம் போகலாம். பழைய விதிகளில் ஒரே ஒரு பிரிவைத் திருத்துபவர் ‘ஷல்’ என்பதையே தொடர வேண்டும். இல்லையேல் இரண்டு சொற்களுக்கும் இரண்டு பொருள் உண்டு என்று வாதிட யாராவது ஒருவர் கிளம்பிவிடுவார்.