சுவரா, மேடா, வேறு தீவா: மாலத்தீவு எங்கே குடியிருக்கும்?

மாலத்தீவில் ஏறக்குறைய 1,200 தீவுகள் இருக்கின்றன. மக்கள் குடியிருப்பது அவற்றில் 190-க்கும் குறைவான தீவுகளில்தான். நாட்டின் நிலத்தில் ஐந்தில் நான்கு பங்கு கடல் மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரம்கூட இல்லை. ஓடிப்போய் ஏறி நிற்க ஒரு குன்று கிடையாது. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு 2021-ல் வெளியிட்ட கணிப்பின்படி, உலகம் கரிப்புகையைக் கடுமையாகக் குறைத்தால் இந்த நூற்றாண்டின் முடிவுக்குள் கடல் 28 முதல் 55 சென்டிமீட்டர் வரை உயரும். குறைக்காமல் விட்டால் 63 சென்டிமீட்டரில் தொடங்கி ஒரு மீட்டரைத் தொடும்.

இந்த எண்களைப் பார்த்ததும் ‘எந்த வருடம் மூழ்கும்’ என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். மூழ்குவதற்கு வெகு முன்பே வேறு தொல்லைகள் வந்துவிடும். பவளத்தீவின் அடியில், உப்புநீரின் மேல் மெல்லிய ஏடாக மிதப்பதுதான் அங்குள்ள நன்னீர். கடல் ஏற ஏற அந்த ஏடு கெடும்; கிணறு கரிக்கும், வாழையும் கறிவேம்பும் பட்டுப்போகும். ‘உதா’ என்று அவர்கள் சொல்லும் பருவ அலையேற்றம் வீட்டு வாசல்வரை வரும். 2007 மே மாதம் அப்படித்தான் பல தீவுகளில் ஒரே நேரத்தில் கடல் தெருவுக்குள் வந்தது. ஆகவே, எப்போது மூழ்கும் என்பதைவிட, எதுவரை அங்கே குடித்தனம் நடத்த முடியும் என்பதே சரியான கேள்வி.

மாலத்தீவை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. உலகம் பேசிக்கொண்டிருக்கும் தீர்வுகளில் பலவற்றை அவர்கள் ஏற்கெனவே கட்டிப் பார்த்துவிட்டார்கள். நமக்குத் தொலைவான ஊரும் இல்லை. தூத்துக்குடியிலிருந்து காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு தோணி போய்வரும் நாடு அது. ஒவ்வொரு வழியையும் மூன்று கேள்விகளால் அளக்கலாம். எத்தனை காலம் தாங்கும்? செலவு யாருடையது? கடைசியில் ஊர் ஊராகவே இருக்குமா? மூன்றாவது கேள்விக்குத்தான் நான் அதிக மதிப்பெண் வைக்கிறேன்.

சுற்றிலும் சுவர்

தலைநகர் மாலே இரண்டு சதுர கிலோமீட்டர் அளவே உள்ள தீவு. 1987 ஏப்ரலில் பெரிய அலைகள் வந்தபோது அதிகம் அடிவாங்கியது, தெற்குப் பக்கம் கடலை நிரப்பிப் புதிதாக உண்டாக்கிய நிலம். பவளப்பாறையின் விளிம்புவரை நிரப்பியிருந்தார்கள். அலையின் வேகத்தை உடைக்கப் பாறைத்தளம் மிச்சமில்லை. வீடு கட்டுவதற்காகப் பவளத்தை வெட்டியெடுக்கும் பழக்கமும் அங்கே நெடுங்காலம் இருந்தது. அதன் பிறகு ஜப்பான் உதவியோடு வேலை தொடங்கி, 2002 வரை பல கட்டங்களாகத் தீவைச் சுற்றிச் சுவர் எழுந்தது. தெற்கே, நான்கு கால் கான்கிரீட் கட்டைகளைக் குவித்து அலைதடுப்பு போட்டார்கள். 2004 டிசம்பர் சுனாமியில் நாடே குலைந்தது. சேதம் ஓராண்டு தேசிய வருமானத்தில் பாதியைத் தாண்டியது. மாலேக்குள்ளும் தண்ணீர் வந்தது. ஆனால் மற்ற தீவுகள் பட்ட பாடு மாலேக்கு வரவில்லை.

யாரும் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியதில்லை என்பது இந்த வழியின் பெரிய பலம். கடை, பள்ளி, பள்ளிவாசல் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். இவ்வளவு பேர் நெருங்கி வாழும் ஊருக்கு அந்தச் செலவு தகும். அறுநூறு பேர் வாழும் தீவுக்கு இதே சுவரை யார் கட்டித் தருவார்கள்? ஓரிடத்தில் கல்லைக் கொட்டினால் அடுத்த குப்பத்தில் கரை அரிக்கும் என்பது வடசென்னை மீனவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டது; சின்னத் தீவில் அந்த ‘அடுத்த குப்பம்’ அதே தீவின் மறுகரைதான். இன்னொன்று, பவளச் சுண்ணாம்பு துளைகள் நிறைந்தது. வெளியே கடல் உயர்ந்தால் சுவருக்கு அடியிலும் நிலத்தடி நீர் உயரும். மழைநீரைப் பம்பு வைத்துத்தான் வெளியேற்ற வேண்டியிருக்கும்.

நிலத்தையே உயர்த்துவது

மாலேக்கு அருகில் 1997-ல் கடலடி மணலை உறிஞ்சிக் கொட்டத் தொடங்கி உருவாக்கிய செயற்கைத் தீவுதான் ஹுல்ஹுமாலே. 2004-ல் முதல் குடும்பங்கள் வந்தன. 2015-ல் இரண்டாம் கட்டத்துக்கு மணல் நிரப்பினார்கள். இரண்டு கட்டமும் சேர்ந்து நாலு சதுர கிலோமீட்டருக்கு மேல். அதாவது மாலேயைப் போல இரண்டு மடங்கு. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரம். 2018-ல் பாலம் திறந்தபின் மாலேயிலிருந்து வண்டியிலேயே போய்விடலாம். பதினாறு கோபுரங்களில் ஏழாயிரம் வீடுகள் என்று ஒரே திட்டத்தில் கட்டியிருக்கிறார்கள்.

இதை வெறும் கான்கிரீட் காடு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. மாலேயின் இடநெருக்கடியில் ஒரே அறையில் ஒடுங்கி வாழ்ந்த குடும்பத்துக்கு இது காற்றும் வெளிச்சமும். எண்ணிக்கையில் பார்த்தால், அதிகமான பேரை அதிக உயரத்தில் குடிவைத்த வழி இதுதான். கடல் ஒரு மீட்டர் ஏறினாலும் மிச்சம் ஒரு மீட்டர் இருக்கும். ஆனால் பருவ அலைக்கு அந்த மிச்சம் போதாது. இரண்டு தலைமுறைக்கான அவகாசம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

விலையும் சின்னதல்ல. மணல் உறிஞ்சும்போது கிளம்பும் சேறு பக்கத்துப் பவளத்தின்மேல் படிந்து அதை மூச்சுத்திணற வைக்கும். குடிநீர் முழுக்க ஆலையை நம்பி இருக்கும். 2014 டிசம்பரில் மாலேயில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் தீப்பிடித்தபோது லட்சம் பேருக்கு மேல் குழாயில் தண்ணீர் இல்லாமல் தவித்தார்கள். இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது. தரையை எவ்வளவு உயர்த்தினாலும் இந்தப் பலவீனம் கூடவே வரும். அப்புறம் மூன்றாவது கேள்வி. நாட்டு மக்களில் ஐந்தில் இருவர் இன்றே மாலே வட்டாரத்தில் இருக்கிறார்கள். நல்ல பள்ளியும் நல்ல மருத்துவமனையும் அங்கேதான் என்றால் வெளித்தீவுகள் தாமாகவே காலியாகும். கடல் துரத்தியதா, வசதியின்மை துரத்தியதா என்று அப்போது யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. தூண்டிலில் சூரை பிடித்து வாழ்ந்தவருக்குப் பதினோராவது மாடி வீடு என்னதான் பத்திரம் என்றாலும், படகை எங்கே கட்டுவார்?

மிதக்கும் நகரம் ஒன்றையும் டச்சு நிறுவனத்தோடு சேர்ந்து அறிவித்திருக்கிறார்கள், சுமார் 20,000 பேருக்கு. வாங்கும் வசதி உள்ளவர்களுக்கு அது ஒரு வீடு. வெளித்தீவு மீனவர் குடும்பத்துக்கான பதிலாக அதை நான் எண்ணவில்லை.

நாட்டை விட்டுப் போவது

2008-ல் அதிபரான முகமது நஷீத், சுற்றுலா வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்கி இந்தியாவிலோ இலங்கையிலோ ஆஸ்திரேலியாவிலோ நிலம் வாங்கலாம் என்று பேசினார். அது பேச்சோடு நின்றது. பசிபிக் கடலின் தீவு நாடான கிரிபட்டி 2014-ல் பிஜித் தீவில் சுமார் 20 சதுர கிலோமீட்டர் நிலத்தை உண்மையிலேயே வாங்கியது. ஆனால் நிலப்பத்திரம் கையில் இருப்பதும் குடியேறும் உரிமை இருப்பதும் ஒன்றல்ல. அதே கடலில் உள்ள இன்னொரு தீவு நாடான துவாலு இன்னும் தெளிவாகச் செய்தது. ஆஸ்திரேலியாவோடு 2023-ல் கையெழுத்தான ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 280 பேர் அங்கே குடியேறலாம். 2025-ல் முதல் குலுக்கலுக்கு அந்நாட்டு மக்களில் பெரும்பகுதியினர் பெயர் கொடுத்தார்கள்.

துவாலுவின் மக்கள்தொகை பத்தாயிரம் சொச்சம். மாலத்தீவுக்கு ஐந்து லட்சத்துக்கு மேல். அவர்களுக்கு அப்படி எந்தக் கதவும் இன்று திறந்திருக்கவில்லை. அகதிகள் உடன்படிக்கையில் கடல் உயர்வு ஒரு காரணமாக இல்லை. கிரிபட்டியைச் சேர்ந்த யோவானே டெய்ட்டியோட்டாவை நியூசிலாந்து திருப்பி அனுப்பிய வழக்கில், 2020-ல் ஐ.நா. மனித உரிமைக் குழு அவர் கோரிக்கையை ஏற்கவில்லை. ஆனாலும் காலநிலை உயிருக்கே ஆபத்தாகும் நிலையில் ஒருவரைத் திருப்பி அனுப்புவது தவறாகலாம் என்று சொல்லி வைத்தது. இந்த வழியை நான் கடைசியில் வைக்கிறேன். ஆனால் உரிமையாக எழுதி வாங்க வேண்டியது இப்போதே. தண்ணீர் கழுத்தளவு வந்தபின் பேரம் பேச ஒன்றும் இருக்காது. இந்தியாவும் இலங்கையும் இதைப் பற்றி இன்னும் வாயே திறக்காதது எனக்கு வருத்தம்தான்.

ஊரோடு சேர்ந்து நகர்வது

ரா அட்டோல் என்னும் பவளத்தீவுக் கூட்டத்தில் கந்தொல்ஹுதூ என்று ஒரு தீவு. சின்ன இடத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். சுனாமி அதை வாழ முடியாத இடமாக்கியது. அக்கம்பக்கத்துத் தீவுகளில் தற்காலிகக் குடியிருப்புகளில் நாலு வருடம் காத்திருந்தார்கள். ஆளில்லாமல் கிடந்த துவாஃபரு தீவில் செஞ்சிலுவைச் சங்க உதவியோடு சுமார் 600 வீடுகள் கட்டி, 2008 டிசம்பரில் ஊர் மொத்தத்தையும் அங்கே குடியேற்றினார்கள்.

இதன் அருமை நமக்குப் புரியும். அதே சுனாமிக்குப் பிறகு சென்னைக் கரையிலிருந்து எத்தனையோ குடும்பங்களைச் செம்மஞ்சேரிக்கும் கண்ணகி நகருக்கும் அனுப்பினோம். வீடு கிடைத்தது, கடல் போயிற்று. விடியுமுன் மீன் ஏலத்துக்கு வர வேண்டிய பெண்கள் கூடையோடு பேருந்துக்கு நின்றார்கள். துவாஃபருவிலோ பக்கத்து வீட்டுக்காரர் அதே பக்கத்து வீட்டுக்காரர், படகு கட்டும் இடமும் கைக்கெட்டும் தூரத்தில். ஆனால் நாலு வருடக் காத்திருப்பை மறந்துவிடக் கூடாது. போகும் தீவும் தாழ்வானதுதான் என்பதையும் மறக்கக் கூடாது. கடல் உயர்வுக்கு இது பாதி பதில். அரசாங்கம் ஒரு காலத்தில் சின்னத் தீவுகளின் மக்களைச் சில ‘பாதுகாப்பான தீவுகளில்’ திரட்டத் திட்டம் வைத்திருந்தது. ஊர் மக்களே கேட்டால் மட்டும் அது நல்ல திட்டம். மேலிருந்து வந்த உத்தரவானால் செம்மஞ்சேரி கதைதான்.

தீவைத் தீவாக இருக்க விடுவது

இதற்குத்தான் பட்டியலில் இடமே கொடுப்பதில்லை. பவளத்தீவு கெட்டியான பாறை கிடையாது. பவளமும் சிப்பியும் நொறுங்கிச் சேர்ந்த மணல் மேடு. கிளிமீன் தன் அலகு போன்ற பல்லால் பாறையைச் சுரண்டித் தின்று, அரைத்து, வெள்ளை மணலாகக் கழிக்கும். மாலத்தீவின் வக்காரு தீவில் நடந்த ஆய்வு, அங்கே புதிதாகச் சேரும் மணலில் 85 சதவீதத்துக்கு மேல் இந்த மீன் தருவது என்று கண்டது. அந்த மணலை அலை எடுத்துக் கரையில் போடுகிறது. துவாலுவின் 101 தீவுகளை 1971 முதல் 2014 வரையிலான படங்களில் ஒப்பிட்ட ஆய்வில், கடல் உயர்ந்த அதே காலத்தில் மொத்த நிலப்பரப்பு 2.9 சதவீதம் கூடியிருந்தது. பரப்பு கூடுவதால் உயரமும் கூடிவிடும் என்று அர்த்தமில்லை. தீவு இடமும் மாறும். ஒரு பக்கம் கரைந்து மறுபக்கம் வளரும். கரையை ஒட்டிக் கட்டிய வீடு அதைத் தாங்காது, பின்வாங்கிக் கட்டிய வீடு தாங்கும்.

பாறை உயிரோடு இருக்கும்வரைதான் இதெல்லாம். 1998-லும் 2016-லும் கடல் சூடேறி அங்கே பவளம் பெருமளவு வெளுத்து நலிந்தது. மன்னார் வளைகுடாவில் பவளத்தை வெட்டியெடுத்த பிறகு தூத்துக்குடிக்கு எதிரே வான்தீவு எப்படித் தேய்ந்தது, கடைசியில் கான்கிரீட்டில் செயற்கைப் பாறை செய்து இறக்க வேண்டி வந்தது என்று நாமே பார்த்தோம். வெப்பத்தை மாலத்தீவு தனியாகத் தடுக்க முடியாது. சேற்றையும் சுவரையும் தடுக்க முடியும்.

என் தேர்வு இதுதான்: மாலேக்குச் சுவர் இருக்கட்டும், விரும்பி வருகிறவர்களுக்கு ஹுல்ஹுமாலே இருக்கட்டும். அடுத்து கையில் வரும் பணம் வெளித்தீவுகளின் பாறைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போக வேண்டும். அங்கே முதலில் பார்க்க வேண்டியது துறைமுகங்களை. தென்மேற்குப் பருவத்தில் மேற்குக் கரை மணல் கிழக்கே சுற்றிவரும், வடகிழக்குப் பருவத்தில் திரும்பிப் போகும். இப்படி வருடத்துக்கு ஒரு தடவை மணல் தீவைச் சுற்றுகிறது. குறுக்கே கல்லால் அடைத்த அலைதடுப்பு வந்தால் அந்தச் சுற்று நின்றுபோகும், ஒரு கரை மெலியும். துறைமுகம் வேண்டாம் என்று அந்த மக்களிடம் யாரும் சொல்ல முடியாது. நடு இரவில் பிரசவ வலி வந்தவளைப் படகில் ஏற்ற அதுதான் வழி. தூண்கள்மேல் நிற்கும் படகுத்துறையாகக் கட்டினால் அதன் அடியில் மணல் போக வழி கிடைக்கும். அலை கடுமையான தீவுகளில் அது மட்டும் போதாது என்பதால், எங்கே எது என்பதைத் தீவுதோறும் அந்த ஊர் மீனவர்களை வைத்துக்கொண்டு முடிவு செய்ய வேண்டும்.