துணியா, மரவேலையா: அரை நாளுக்கு எந்த அரும்பொருளகம்?

சிங்கப்பூரில் பழைய உடையையும் கலைவேலைப்பாட்டையும் பார்க்க அரை நாள்தான் இருக்கிறது என்றால், நான் ஆர்மீனியன் ஸ்திரீட்டில் உள்ள பெரனாக்கன் அரும்பொருளகத்துக்குத்தான் அனுப்புவேன். பெரனாக்கன் என்பது இங்கே வந்து குடியேறியவர்களும் உள்ளூர்ப் பெண்களும் மணந்து உருவான கலப்புச் சமூகம். அரும்பொருளகம் இருப்பது 1912இல் கட்டிய பள்ளிக் கட்டடத்தில். 2023இல் புதுப்பித்துத் திறந்தார்கள். நேரே மூன்றாவது மாடிக்குப் போங்கள். பெரனாக்கன் பெண்களின் மேற்சட்டையான கெபாயாவுக்குப் பொத்தான் கிடையாது. சங்கிலியால் கோத்த, கெரோசாங் எனும் மூன்று அலங்கார ஊசிகள்தான் முன்பக்கத்தைப் பிடித்து நிறுத்தும். ஓரத்துப் பூவேலையைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: துணியில் சின்னச் சின்னத் துளை வெட்டி, விளிம்பு பிரியாமல் தையல் மெஷினிலேயே சுற்றித் தைத்திருப்பார்கள். அந்தப் பொறுமை என்னை அசர வைக்கும். மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் துணி வேரூன்றும் முன்பே இந்த வட்டாரத்தில் உடுத்தியது நம் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய சாயத்துணி என்பதையும் மறக்க வேண்டாம்.

லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவில், கேம்பல் லேனில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் வேறு மாதிரி. அங்கே குடியேறிய மக்களின் கதைதான் முதன்மை, உடை அதில் ஒரு பகுதி. ஆனால் 19ஆம் நூற்றாண்டுச் செட்டிநாட்டுக் கதவுநிலை ஒன்று இருக்கிறது. அதன் குட்டிச் சிற்பங்களுக்கே அரை மணி நேரம் போய்விடும். மரவேலையில் ஆசை, பிள்ளைகளும் கூட வருகிறார்கள் என்றால் சரி, தேக்காவுக்கே போங்கள்.