ஆன்லைனில் சேஃப்டி கண்ணாடி வாங்கும் பட்டறைக்காரர்களே, கொஞ்சம் நில்லுங்கள்: 9,870 ரூபாய் போச்சு, கண் மயிரிழையில் தப்பியது

போன வியாழக்கிழமை எங்கள் பட்டறையில் மூத்த ஃபிட்டர் அண்ணனின் முகத்திலேயே ஒரு சேஃப்டி கண்ணாடி உடைந்தது. கண்ணைக் காப்பாற்ற வேண்டிய கண்ணாடி சில்லுச் சில்லாகத் தெறித்து அவர் புருவத்துக்குக் கீழே குத்தி நின்றது. அதை வாங்கிக் கொடுத்தவன் நான். மாட்டித்தான் ஆக வேண்டும் என்று அவரிடம் மல்லுக்கட்டியவனும் நான்தான். 9,870 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அந்தப் பணம் போனதைவிட, அவர் என்னை நம்பி மாட்டினார் என்பதுதான் நாலு நாளாகத் தூங்கவிடாமல் அடிக்கிறது.

கோவை கணபதி பக்கம் சின்னப் பட்டறை எங்களுடையது. கேட், கிரில், ஷீட் ஷெட் வேலை. நான், இந்த அண்ணன், அப்புறம் நாலு பசங்க. அண்ணன் அப்பா காலத்து ஆள். 25 வருஷத்துக்கு மேல் ஏஜி-4 மிஷின் (வட்ட வீல் சுற்றி இரும்பு வெட்டுகிற கை கிரைண்டர்) பிடிக்கிறார், ஒரு நாளும் கண்ணாடி போட்டதில்லை. முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, ஒரு கண்ணைச் சுருக்கிப் பொறிக்குள்ளேயே கோடு பார்த்து வெட்டுவார். தூள் விழுந்தால் துண்டு முனையைத் திரித்து இன்னொருத்தரை எடுக்கச் சொல்வார். கண்ணாடியைப் பற்றிக் கேட்டால், "ஆவி புடிச்சுக்குதுங்க தம்பி, கோடே தெரிய மாட்டீங்குது" என்பார். இப்படிச் சொல்கிறவர்கள் எல்லாப் பட்டறையிலும் இருக்கிறார்கள், உங்களுக்கே தெரியும்.

ரெண்டு மாசம் முன்னால் எங்கள் தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு பட்டறையில் கட்டிங் வீல் வெடித்து ஒரு பையனுக்குக் கன்னம் கிழிந்துபோனது. கார்டு, அதாவது வீலை மூடி நிற்கிற தகடு, கழற்றிப் போட்ட மிஷின். போய்ப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கே எங்கள் மூன்று மிஷினுக்கும் கார்டைத் தேடி எடுத்து மாட்டினேன், ஒன்றுக்கு இல்லாமல் புதிதாக வாங்கினேன். 4 இஞ்ச் வீல் நிமிஷத்துக்கு 11,000 சுற்று சுற்றுகிறது. கணக்குப் போட்டால் அதன் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அந்த வேகத்தில் ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு வந்தால் கண்ணைச் சுருக்கி என்ன பிரயோஜனம்? எல்லாருக்கும் கண்ணாடி வாங்கிவிடுவது என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

இங்கேதான் தப்பு செய்தேன். வழக்கமாக நாங்கள் வாங்கும் ஹார்டுவேர் கடையில் கேட்டால் இந்த 9,870-ஐவிட ரெண்டாயிரம் ரூபாய்க்கு மேல் அதிகமாக வந்தது. ராத்திரி போனில் தேடினேன். எல்லாரும் பயன்படுத்துகிற ஒரு பெரிய ஆன்லைன் விற்பனைத் தளம், பெயர் வேண்டாம். அதில் "பட்டறை சேஃப்டி காம்போ" என்று ஒன்று: ஆறு கண்ணாடி, மூன்று முகக் கவசம், ஆறு ஜோடி கையுறை, ரெண்டு பெட்டி கட்டிங் வீல், எல்லாம் சேர்த்து 9,870 ரூபாய். படத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரை, நாலரை நட்சத்திரம், சுத்தியலால் அடித்துக் காட்டுகிற ஒரு வீடியோ. நான் சும்மா கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. கேள்வி கேட்கிற இடத்தில், இது பாலிகார்பனேட் (அடித்தாலும் சில்லாக உடையாத கெட்டிப் பிளாஸ்டிக்) தானா, கட்டிங் வேலைக்குத் தாங்குமா என்று கேட்டேன். பத்தே நிமிஷத்தில் பதில் வந்தது: நூறு சதவீதம் பாலிகார்பனேட், கட்டிங், கிரைண்டிங், வெல்டிங் எல்லாத்துக்கும் போடலாம். தெளிவான வெள்ளைக் கண்ணாடியை, கறுப்புக் கண்ணாடி வேண்டிய வெல்டிங்குக்கும் போடலாம் என்று ஒருத்தன் சொல்கிறான் என்றால் அவனுக்குப் பொருளைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றுதானே அர்த்தம்? அந்த இடத்திலேயே உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

ஆர்டர் போட்ட மறுநாள் விற்பனையாளரே போன் செய்தார். நல்ல தமிழ். தானும் பட்டறை வைத்திருந்தவர்தான் என்றார், என் பட்டறையில் எத்தனை பேர், என்ன வேலை என்றெல்லாம் அக்கறையாக விசாரித்தார். கடைசியில், "உங்க பசங்க கண்ணு இனி எங்க பொறுப்புங்க சார்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். நம்ம ஊர் ஆள், தொழில் தெரிந்த ஆள் என்று நினைத்து, ஏழு நாளைக்குள் திருப்பி அனுப்பலாம் என்று இருந்ததைப் பற்றிக்கூட யோசிக்காமல், பார்சல் வந்த அன்றைக்கே பிரித்து எல்லாருக்கும் கொடுத்துவிட்டேன்.

அண்ணன் மட்டும் நாலு நாள் மாட்டவில்லை. நான் விடவில்லை. அஞ்சாம் நாள் காலையில், டீ குடித்துக்கொண்டிருந்தவரிடம் போய், "அண்ணே, நீங்க மாட்டினாத்தான் பசங்க மாட்டுவாங்க" என்று சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "சரிங்க தம்பி, உங்களுக்காக" என்று எடுத்து மாட்டிக்கொண்டார். அதற்கப்புறம் கழற்றவே இல்லை. முகத்தைத் திருப்புகிற பழக்கமும் மெதுவாகப் போனது. கண்ணாடி இருக்கிறதே என்று நேராகக் குனிந்து பார்த்து வெட்ட ஆரம்பித்தார். நான் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

பார்சல் வந்து பன்னிரண்டாம் நாள் அது நடந்தது. ஒரு கிரகப்பிரவேசத்துக்குள் முடிக்க வேண்டிய கேட், ஒன்றரை இஞ்ச் ஸ்கொயர் பைப் வெட்டிக்கொண்டிருந்தார். பைப் லேசாகத் தொங்கி வெட்டு வாயை இறுக்கியது, வீல் கடித்தது, ஒரு சத்தம். காம்போவில் வந்த வீல்தான். பாதி வீல் பிய்ந்துபோனது. பெரிய துண்டையெல்லாம் கார்டு வாங்கிக்கொண்டது, அதன் தகடு உள்ளே குழிந்திருக்கிறது. அது மட்டும் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. ஒரு சின்னத் துண்டு, சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும், மேலே வந்து வலது கண்ணாடியில் அடித்தது. பாலிகார்பனேட்டாக இருந்திருந்தால் குழி விழுந்திருக்கும், மிஞ்சிப்போனால் கீறல். இது நட்சத்திரம் மாதிரி விரிந்து உடைந்து, ஒரு கூரான சில்லு புருவத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. நான் ஓடிப்போய்ப் பார்க்கும்போது அவர் கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரல் இடுக்கில் ரத்தம். "கண்ணாடி போட்டிருந்தேனுங்களே தம்பி" என்று அதையே ரெண்டு மூணு தடவை சொன்னார்.

கண் ஆஸ்பத்திரியில் நாலு தையல். மரத்துப்போக மருந்து விட்டு, நெற்றியையும் தாடையையும் கண் பார்க்கிற மிஷினில் வைக்கச் சொல்லி, கருவிழியில் ஒட்டியிருந்த ரெண்டு துகளை ஊசி முனையால் எடுத்தார்கள். உள்ளே ஏதாவது போயிருக்கிறதா என்று சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். கண்ணுக்குள் இரும்பு போயிருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கவே கூடாது, காந்தம் அதை அசைத்துவிடும் என்று டாக்டர் சொன்னார். உள்ளே எதுவும் போகவில்லை. பார்வைக்கு ஆபத்தில்லை, ஆனால் புண் ஆறுகிற வரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். ஆஸ்பத்திரிச் செலவை நான் இங்கே கணக்கிலேயே சேர்க்கவில்லை.

ராத்திரி திரும்பி வந்து மிச்சம் இருந்த கண்ணாடிகளில் ஒன்றை எடுத்து வைஸ் (பொருளை இறுக்கிப் பிடிக்கிற இரும்புப் பிடி) மேல் வைத்து பால்பீன் சுத்தியலால் ஒரு தட்டுத்தான் தட்டினேன். ஓங்கிக்கூட அடிக்கவில்லை. முறுக்கு உடைகிற மாதிரி உடைந்தது. பக்கத்துப் பட்டறையில் நல்ல கடையில் வாங்கின பழைய கண்ணாடி ஒன்று கேட்டு வாங்கி அதையும் வைத்து ஓங்கி அடித்தேன். குழிந்தது, வெளுத்தது, உடையவில்லை. அந்தப் பழைய கண்ணாடியின் ஓரத்தில் தயாரித்தவன் குறியீடும் பக்கத்தில், எவ்வளவு அடி தாங்கும் என்று சொல்கிற எஃப் என்ற எழுத்தும் கண்ணாடியிலேயே பதிந்திருக்கிறது. என்னுடையதில் கண்ணாடியிலும் ஒன்றுமில்லை, ஃபிரேமிலும் ஒன்றுமில்லை. முத்திரை எல்லாம் அட்டைப்பெட்டியில்தான். ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழே இருந்த லைசென்ஸ் எண்ணை, அந்த முத்திரையைக் கொடுக்கிற அரசு அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் போட்டுப் பார்த்தேன், கண்ணாடிக்குச் சம்பந்தமே இல்லாத வேறு ஏதோ பொருளுக்கான எண் அது. கட்டிங் வீலின் நடு இரும்பு வளையத்தில் காலாவதி மாதமும் வருஷமும் குத்தியிருக்க வேண்டும். ரெண்டு பெட்டியிலும் ஒரு வீலில்கூட இல்லை. 9,870 ரூபாய்க்கு வந்தது இதுதான்.

அப்புறம்தான் அலைக்கழிப்பு. தளத்தின் சாட்டில் முதலில் ரோபோ, அரைமணி நேரம் கழித்து ஒரு ஆள். "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்." சிரமமா? ஒருத்தர் கண்ணில் தையல் போட்டுப் படுத்திருக்கிறார். திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிட்டதாம், பயன்படுத்திய பொருளாம், பெட்டி பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருக்கிறதா என்று கேட்டார்கள். உடைந்த கண்ணாடி போட்டோ, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் அனுப்பினேன். ரெண்டு மணி நேரத்தில் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று மெசேஜ். என்ன தீர்த்தார்கள்? மறுபடி புகார் போட்டால், நாங்கள் விற்பவரையும் வாங்குபவரையும் இணைக்கிறவர்கள் மட்டுமே, விற்பனையாளரிடம் பேசுங்கள் என்று பதில். பணம் வாங்கும்போது மட்டும் அவர்கள் கணக்கில்தானே வாங்கினார்கள், முழுசாக 9,870?

விற்பனையாளருக்கு அடித்தேன். "உங்க பசங்க கண்ணு எங்க பொறுப்பு" என்றவர்தான். முதல் தடவை, மீட்டிங்கில் இருக்கிறேன், நானே கூப்பிடுகிறேன் என்றார். கூப்பிடவில்லை. ரெண்டாவது தடவை, "மெஷின்ல கார்டு இருந்துச்சுங்களா? ஆளு ஒழுங்கா புடிச்சாரா?" என்று என்னையே விசாரித்தார். 25 வருஷம் மிஷின் பிடித்தவரைப் பார்த்துக் கேட்கிறார். கார்டு போட்டோவை அனுப்பினேன். அதற்குப் பதிலாக, அடுத்த ஆர்டருக்கு 500 ரூபாய் கூப்பன் தருகிறேன் என்று வாய்ஸ் மெசேஜ். மூன்றாவது தடவை நம்பரே போகவில்லை, பிளாக் செய்துவிட்டார். பொருளின் கீழே நடந்ததை எழுதி ஒரு நட்சத்திரம் போட்டேன், விதிமுறைக்குப் பொருந்தவில்லை என்று எடுத்துவிட்டார்கள். இன்றைக்குக் காலையில் பார்த்தால் அதே காம்போ, அதே படம், 8,999 ரூபாய்க்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நேற்று 1915-க்கு அடித்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிந்து எண் வாங்கியிருக்கிறேன். 2020-ம் வருஷத்து மின்வணிக விதிகளின்படி தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததென்று ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவருக்குத் தனியாக மெயில் போட்டிருக்கிறேன். நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 9,870 ரூபாயை விடுவதாக இல்லை.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், நேரமில்லை, நாலு மணிக்கு அண்ணனை ஆஸ்பத்திரிக்கு மறுபடி கூட்டிப்போக வேண்டும். சுருக்கமாக: முத்திரை பெட்டியில் இருந்தால் போதாது, கண்ணாடியிலும் ஃபிரேமிலும் பதிந்திருக்கிறதா பாருங்கள். எஃப் என்றால் நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் வரும் இரும்புக் குண்டைத் தாங்க வேண்டும், பி என்றால் 120 மீட்டர். கட்டிங் வேலைக்கு பி போட்ட, கண்ணைச் சுற்றி மூடின கண்ணாடியாக வாங்குங்கள், மேலே முகக் கவசமும் போடுங்கள். பார்சல் வந்ததும் வீடியோ எடுத்துப் பிரித்து, ஏழு நாளுக்குள் ஒரு கண்ணாடியைத் தியாகம் செய்து வைஸில் வைத்துத் தட்டிப் பாருங்கள். தேதி இல்லாத வீலை மிஷினில் ஏற்றாதீர்கள். கார்டைக் கழற்றாதீர்கள். பைப்புக்கு ரெண்டு பக்கமும் முட்டுக் கொடுங்கள். கண்ணில் தூள் விழுந்தால் துண்டு முனை வேண்டாம், தேய்க்க வேண்டாம், நேராக டாக்டரிடம் போங்கள்.

எங்கள் பட்டறையில் நேற்றே அந்தப் பழைய ஹார்டுவேர் கடையில் ஆறு கண்ணாடி வாங்கிவிட்டேன், ஒவ்வொன்றையும் கடையிலேயே பார்த்து. அண்ணனுக்கு வாங்கினது அவர் மேசையிலேயே இருக்கிறது. திரும்பி வந்ததும் அதை மாட்டச் சொல்லி எந்த முகத்தோடு கேட்பேன் என்று தெரியவில்லை.